ஓடுகாலிமேட்டுக்கு ஒரு டிக்கெட்

எங்கீங்க என்று கேட்டுவிட்டுக் கண்டக்டர் சீட்டுக்கட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார். வசந்தாமணிக்கு வாய் திறக்கவில்லை. கோயமுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர்ப் பேர் சொல்லியே ஆயுசைக் கழித்தவள் அவள். ஈரோடு லைன்ல இருங்க, கோபி பேசுங்க, தாராபுரம் ரிங் போகுது, காங்கயம் எடுக்கலை என்று தூக்கத்தில்கூடப் பிதற்றிப் பக்கத்தில் படுத்திருந்த அம்மாவை எழுப்பி விட்டவள். அந்த வாய்க்கு இந்த ஒரு பேர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. அவள் பர்ஸைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, லேடீஸுக்குக் காசில்லீங்க, ஊர மட்டும் சொன்னாப் போதும் என்றார் கண்டக்டர். அதுதானே பெரும்பாடு. காசு கேட்டால் கொடுத்துத் தொலைக்கலாம். இவர்கள் வார்த்தையை அல்லவா கேட்கிறார்கள். சும்மா கூட்டிப்போகிறோம், நீ போகிற இடத்தை உன் வாயால் சொல் என்கிறார்கள். சரி, சொல்லத்தானே வந்தோம். ராக்கியப்பன் போனில் சொல்லிக் கொடுத்தபடியே, லகரத்தின் தலையில் ஒரு புள்ளியை அழுத்தி வைத்து, ஓடுகால்மேடு என்றாள். கண்டக்டர் நெற்றியைச் சுருக்கினார். அப்படி ஒரு ஸ்டாப்பே இந்த ரூட்டில் கிடையாது என்றார். மண்வெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர், ஓடுகாலிமேட்டச் சொல்றாங்களாட்ட இருக்குது என்று எடுத்துக் கொடுத்தார். எங்கோ ஒரு சிரிப்பு. அது அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பல்ல, பஸ்ஸில் சும்மா எழும் சிரிப்புதான், என்றாலும் காது மடல் சுட்டது. ஓடுகாலி. பட்டப்பகலில், பத்துப் பேர் கேட்க, அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. இல்லீங்க, கடைசி ஸ்டாப்புக்கே குடுங்க என்று சொல்லிவிட்டாள். கண்டக்டர் பூலாங்காட்டுக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். நல்ல லட்சணம். போகாத ஊருக்குச் சீட்டு வாங்கியாயிற்று.

பஸ் கருக்கம்பாளையம் ஸ்டாண்டை விட்டு வளைந்து சந்தைப்பேட்டைக்குள் நுழைந்தது. இதுதான் அந்த ஊரா? உரக்கடை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு உரக்கடை, டிராக்டர் டயர்கள், வாழைத்தார் மண்டி, ஓர் ஏடிஎம், அதன் வாசலில் படுத்திருக்கும் ஆடு. இத்தனை காலம் பயந்ததற்கு ஊர் இன்னும் கொஞ்சம் பயங்கரமாக இருந்திருக்கலாம். மஞ்சள் வேகிற வாசனை ஜன்னல் வழியாக வந்து மூக்கில் அடித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த வாசனை எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்? மூன்று வயசில் இந்த ஊரை விட்டுப் போனவளுக்கு எப்படித் தெரியும்? மண்வாசனையும் பச்சைக் கசப்பும் கலந்த இதை மூக்கு தன்பாட்டுக்குப் பத்திரமாக வைத்திருக்கிறது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். கடையில் விரலி மஞ்சளை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இது நம்மூர்து இல்ல என்று அம்மா கீழே வைப்பாள். எது நம்மூர் என்று கேட்டால் வாயை இறுக்கிக்கொள்வாள். கேட்பதையே விட்டாயிற்று. அம்மா ஹாஸ்டல் சமையல்கட்டில் மாவு பிசைந்து அவளைப் படிக்க வைத்தாள், ஒரு நாளும் யார் முன்னாலும் தலையைக் குனிந்ததில்லை, ஆனால் ஊர் என்ற சொல்லுக்கு மட்டும் குனிவாள். ஒருமுறை எக்ஸ்சேஞ்சில் கருக்கம்பாளையத்துக்கு ஒரு கால் வந்தது. வசந்தாமணி அடுத்த சீட்டுக்காரியிடம் தள்ளிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாள். அப்பேர்ப்பட்ட ஊருக்கு இப்போது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ராக்கியப்பன் கூப்பிட்டான், அதனால் வந்தாள். ராக்கியப்பன் அவள் சித்தப்பா மகன். யாரோ ஒரு கல்யாண வீட்டில் யாரிடமோ நம்பர் வாங்கி, அக்கா நான் உங்க தம்பிங்க என்று ஆரம்பித்தான். தம்பி என்ற வார்த்தைக்கே பாதி மனசு இளகிவிட்டது, வெட்கக்கேடு. விஷயம் இதுதான். அந்த மேட்டின் மூலையில் புது நிழற்குடை கட்டியிருக்கிறார்கள். மேடு அவள் அம்மா நாச்சாளின் மஞ்சக்காணி. கல்யாணத்தின்போது பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் மஞ்சள் செலவுக்கென்று கொடுக்கும் நிலம் அது, பெண்ணுக்கும் அவள் வாரிசுக்கும்தான் சேரும். ஆகவே வாரிசின் வாயால் ஒரு சரி வேண்டும். கூடவே, பேரையும் மாத்திரலாம்னு இருக்கறமுங்கக்கா என்றான். ஓடுகால் என்றால் ஓடுகிற வாய்க்கால். அந்தக் காலத்தில் அந்த வழியாக வாய்க்கால் ஓடியதாம், ஜனங்கள் வாய்ப்பழக்கத்தில் ஓடுகாலி ஆக்கிவிட்டார்களாம். ஒரு புள்ளிதானுங்கக்கா வித்தியாசம். நீங்க வந்து துணிய வெலக்குனீங்கன்னா எல்லாருக்கும் மனசு ஆறிப்போகும்.

எல்லாருக்கும் மனசு ஆறுவது இருக்கட்டும், உண்மையான காரணத்தை அவன் இரண்டாவது போனில்தான் கக்கினான். அவன் மகனுக்குப் பெண் அமையவில்லை. அவனுக்கு மட்டுமில்லை, மேட்டுக்குக் கீழே குடியிருக்கிற எந்தப் பையனுக்கும் அமையவில்லை. பல்லடத்தில் இருந்து பெண் வீட்டார் பஸ்ஸில் வந்தார்களாம். கண்டக்டர் ஓடுகாலிமேடெல்லாம் எறங்கு என்று கூவியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம், இறங்கவே இல்லையாம், அப்படியே கடைசி ஸ்டாப் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பிவிட்டார்களாம். இவன் வடையும் காப்பியும் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றானாம். அதைக் கேட்டு வசந்தாமணி போனைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் சந்தோஷமாகவே இருந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது. ஒரு புள்ளி வைத்தால் அம்மாவின் பேரில் ஊர் ஒட்டிய அழுக்கு போய்விடும் என்றால் வைத்துவிட்டுப் போகட்டுமே. ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்தாள், ஓடுகால், ஓடுகால், தண்ணீர் சலசலக்கிற மாதிரி எவ்வளவு மரியாதையான வார்த்தை. ஓடுகாலி என்பதோ காறித் துப்புவதற்கென்றே செய்த வார்த்தை. அதிலும் அம்மாவுக்கு அதைச் சூட்டினார்களே, அதுதான் ஆறவில்லை. நாச்சாள் ஜென்மத்தில் ஓடியதில்லை. பிறவியிலேயே வலது கால் சூம்பி, முட்டியில் கையை ஊன்றி ஊன்றி நடந்தவள் எப்படி ஓடுவாள்? அந்தக் கால் குறைக்காகத்தானே அவள் அப்பா மேட்டையே மஞ்சக்காணியாக எழுதி ஒருத்தன் தலையில் கட்டினார். கட்டியவனோ தாலி ஏறிய நாளிலிருந்து மேட்டை விற்பதற்குக் கைநாட்டு வை என்று நின்றான். அவள் வைக்கவில்லை. அவன் அவளுடைய நல்ல காலில் அடித்தான். ஒரு மழைக்காலத்தில் அந்தக் காலுக்கு மகள் எண்ணெய் தேய்த்துவிடும்போது அம்மா அதைச் சொன்னாள், ஒரே ஒரு தரம், காய்கறி விலை சொல்கிற குரலில். கெட்ட காலை எவனும் அடிக்கமாட்டான் கண்ணு, அதுல அடிச்சு என்ன பிரயோசனம்? அப்புறம் எப்படிம்மா வந்தே, எப்படி நடந்தே என்று கேட்டதற்கு, பஸ்ஸு நின்னுச்சு என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸு நின்னுச்சு. அதற்குமேல் ஒரு சொல் பெயரவில்லை, சாகிறவரை பெயரவில்லை.

சந்தைப்பேட்டையில் ஏறிய ஒருத்தி, கூடையைக் காலடியில் வைத்துவிட்டு இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல் நகமெல்லாம் மஞ்சள். மஞ்சள் மெருகேற்றுகிற இடத்தில் வேலை, பேர் தெய்வாத்தா, ஒத்தைத் தலைவலி என்று பாதி நாளில் கிளம்பிவிட்டாள் என்பதெல்லாம் கேட்காமலே வந்தது. நீங்க எங்கீங்க என்றாள் பிறகு. இன்னும் ஒரு தடவையா! வசந்தாமணி ஜன்னல் பக்கம் திரும்பி, ஊர் பாக்க வந்தேன் என்று முனகினாள். ஊர் பார்க்க வந்தவள் என்று தெரிந்ததும் தெய்வாத்தாவின் தலைவலி எங்கே போனதோ. இதுதான் பழைய ஜின்னிங் பாக்டரி, இதில் நெருப்புப் பிடித்தபோது வானத்தில் பஞ்சு பறந்தது. இந்தக் கிணற்றில் ரெண்டு பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் சுவர் வைத்து, கடைசியில் கிணறே தூர்ந்துபோனது. அந்தா தெரிகிற வாய்க்கால் அணைக்கட்டிலிருந்து வருகிறது, அது வந்த பிறகுதான் இங்கே மஞ்சள், அதற்கு முந்தி கம்பும் எள்ளும்தான். வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். வாய்க்கால் வெகு கீழே, பள்ளத்தில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது. அதற்கும் மேலே, தூரத்தில், வெயிலில் மொட்டையாக ஒரு மேடு. தண்ணீர் அங்கே ஏறுமா? எந்தக் காலத்தில் ஏறியிருக்கும்? மனசுக்குள் சலசலத்துக்கொண்டிருந்த மரியாதையான வார்த்தை அந்த இடத்தில் கொஞ்சம் வற்றியது. அது என்ன மேடு என்று கேட்டாள், தெரியாதவள் மாதிரி. கேட்டபோது தன் குரலே எக்ஸ்சேஞ்ச் குரலாக மாறிவிட்டதைக் கவனித்தாள், இரண்டு பக்கமும் பேச்சைக் கோத்துவிட்டு நடுவில் ஒன்றும் அறியாதவளாக உட்கார்ந்திருக்கிற குரல். அதானுங்க ஓடுகாலிமேடு, பேரச் சொன்னாலே பஸ்ஸு சிரிக்கும் என்றாள் தெய்வாத்தா. பிறகு கதையை ஆரம்பித்தாள்.

எத்தனை கதை. நாச்சாள் லாரிக்காரனோடு போனாள் என்பது ஒன்று. வளையல்காரனோடு என்பது இன்னொன்று. வீட்டு நகையை எல்லாம் புடவைக்குள் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையைக் கிணற்றில் தள்ளிவிட்டுப் போனாள் என்று ஒருவர் சொல்வாராம். தள்ளப்பட்ட குழந்தை இங்கே பட்டுப்புடவையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தது. எழுந்து கத்திவிடலாமா? நான்தான் அந்தக் குழந்தை, என்னை யாரும் எதிலும் தள்ளவில்லை, அவள் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள், முட்டியில் ஊன்ற வேண்டிய கையால் என்னைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், எந்த ஊன்றுதலும் இல்லாமல் எப்படி நடந்தாளோ நடந்தாள். கத்தவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். வந்த வழியே இறங்கிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. மேட்டில் யாராவது முகத்தைப் பார்த்து, நாச்சாள் ஜாடை என்று சொல்லிவிட்டால்? மூக்கு அம்மாவுடையதுதான், எந்தப் புள்ளி வைத்து அதை மாற்றுவது? அதெல்லாம் புளுகுங்க என்றாள் தெய்வாத்தா, அவள் மனசைக் கேட்டவள் போல. நாச்சாளோட மாமனே ரோட்டுல நின்னு பாத்தாராமா. அவ தனியாத்தான் நின்னா, கொழந்தையோட. அந்த எடத்துல அப்ப ஸ்டாப்பே கெடையாது. அன்று வந்த பஸ் டிரைவர் யார் என்று யாருக்கும் தெரியாது, வெளியூர்க்காரர். கை காட்டாமலே நிறுத்தி ஏற்றிக்கொண்டார். அடுத்த நடை திரும்பி வரும்போது ஊர்க்காரர்கள் மறித்து, எவன் பொண்டாட்டிய எங்கடா கொண்டுபோய் விட்டே என்று அவரை இறக்கிப் போட்டு அடித்தார்கள். சட்டை கிழிந்துபோனது. மறுநாள் அதே டிரைவர் அதே பஸ்ஸை ஓட்டி வந்தார். மேட்டில் ஆளே இல்லை. நிறுத்தினார். ஆரனை அழுத்திப் பிடித்தார், ஊர் முழுக்கக் கேட்கும்படி. அப்புறம்தான் எடுத்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. மாற்றலாகிப் போகிறவரை ஒரு நாள் விடாமல் அந்த வெறும் மேட்டில் பஸ் நின்றது, ஆரன் அடித்தது. பின்னால் வந்த டிரைவர்களுக்குக் காரணம் தெரியாது, முன்னவர் நிறுத்தினார் என்று இவர்களும் நிறுத்தினார்கள். அப்படி வந்ததுதான் இந்த ஸ்டாப். நாச்சாளைத் திட்டுவதற்கு வைத்த பேர் ஸ்டாப்புக்குப் பேராகி நின்றுவிட்டது.

ஆரன். வசந்தாமணி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கோயமுத்தூரில் வீட்டுக்கு வெளியே எந்த பஸ் ஆரன் அடித்தாலும் அம்மா செய்துகொண்டிருந்த வேலையை விட்டு எழுந்து நிற்பாள். பயம் என்று இவள் நினைத்திருந்தாள். இத்தனை வருஷமாக, செத்த பிறகும்கூட, பயம் என்றே நினைத்திருந்தாள். தேடி வந்துவிட்டார்கள் என்று பயந்து எழுகிறாள் என்று. அது பயமில்லையா? அது மரியாதையா? கேட்டிருக்கலாமே. இருபுறமும் லைன் கொடுத்தே பழகிய மகள், வீட்டுக்குள் ஒரு லைன் போடவில்லை. கண் நிறைந்துவிட்டது. தெய்வாத்தா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி கூடையைச் சரி செய்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இப்பவும் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. மேட்டில் பொம்பளை தனியாக நின்றால், எந்த டிரைவரும் கை காட்டுகிறாளா என்று பார்ப்பதில்லை, நிறுத்திவிடுவான். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்கமாட்டார். சும்மா ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். யாரும் எழுதி வைத்ததில்லை, டிப்போவில் கேட்டால் அப்படியெல்லாம் இல்லை என்பார்கள். ஆனால் இந்த ரூட்டுக்குப் புதிதாக வருகிறவனுக்குப் பழையவன் முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். வீட்டில் அடி தாங்கவில்லை என்றால் பெண்கள், நான் ஓடுகாலிமேட்டுக்குப் போறேன் என்பார்கள். ஓங்கின கை பாதிப் பேருக்கு அதோடு இறங்கிவிடும். இப்ப அந்தப் பேர மாத்தப் போறாங்களாமா, பையனுகளுக்குப் பொண்ணு கெடைக்கலீன்னு என்று சொல்லி தெய்வாத்தா உதட்டைப் பிதுக்கினாள். ஓடுகால்மேட்டுக்குப் போறேன்னு சொன்னா எவன் பயப்படுவான், தண்ணி கட்டப் போறான்னு நெனைப்பான்.

நீங்க போயிருக்கீங்களா என்று வசந்தாமணி கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

தெய்வாத்தா மஞ்சள் நகத்தை இன்னொரு நகத்தால் சுரண்டினாள். “போனனா, திரும்பி வந்தனான்னு கேக்காதீங்கக்கா,” என்றாள். “ஒருக்கா நின்னேன். பஸ்ஸு நின்னுச்சு.”

அதே இரண்டு சொல், அதே குரல். காய்கறி விலை சொல்கிற குரல். அம்மா ஒளித்து வைத்த ரகசியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்ததை இந்த ஊரில் இன்னொருத்தி சாதாரணமாகச் சொல்கிறாள், இன்னும் எத்தனை பேர் சொல்வார்களோ, மஞ்சள் வேகவைத்துக்கொண்டே, மாடு கறந்துகொண்டே. நான் என்ன செய்ய இருந்தேன்? பட்டுப்புடவை கட்டி, சால்வை வாங்கிக்கொண்டு, துணியை விலக்கி, ஒரு புள்ளி வைத்து இதையெல்லாம் மூட வந்தேன். அம்மாவைச் சுத்தம் பண்ண வந்தேனாம். அவள் என்ன அழுக்காகவா இருந்தாள்? அழுக்கு அவர்கள் வாயில் இருந்தது, அவள் அந்த அழுக்கிலேயே ஒரு ஸ்டாப்பைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள், தனக்கே தெரியாமல். ராக்கியப்பன் பாவம்தான், அவன் மகனும் பாவம்தான், வடை ஆறிப்போனது எல்லாம் பாவம்தான். அதற்காக? யோசித்துக்கொண்டே இருந்ததில் ரோடு மேலேறியதைக் கவனிக்கவில்லை. மொட்டை மேடு ஜன்னலுக்கு நேரே வந்துவிட்டது, சிமெண்டு நிழற்குடை, வாழை மரம் கட்டியிருக்கிறது, வெள்ளை வேட்டிகள் நிற்கின்றன. பஸ் வேகம் குறையவில்லை. ஏன் குறையும்? யாரும் அங்கே சீட்டு வாங்கவில்லை, தனியாக ஒருத்தியும் நிற்கவில்லை. கண்டக்டர் முன்னால் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். நிழற்குடை பின்னால் போக ஆரம்பித்தது. வாயைத் திற, வசந்தாமணி. திற. ஒரே ஒரு ஊர்ப் பேர்தான்.

“ஓடுகாலிமேடு எறங்கணும்!”

எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் இரைச்சலைத் தாண்டிக் கத்திப் பழகிய குரல் அது. பிரேக் போட்டதில் மண்வெட்டி சரிந்து விழுந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, பூலாங்காட்டுச் சீட்டுதானுங்களே வாங்குனீங்க என்றார். தப்பாச் சொல்லிட்டேன், ஓடுகாலிமேடுதான் என்று இன்னொரு தடவை சொன்னாள், தேவையே இல்லாமல், சொல்வதற்கு நன்றாக இருந்ததால். இறங்குவதற்கு முன் தெய்வாத்தாவிடம் குனிந்து, நாச்சா மக நான் என்றாள். தெய்வாத்தா இவள் மூக்கையே பார்த்தாள்.

ராக்கியப்பன் சால்வையோடு ஓடி வந்தான். வாங்கக்கா, கார் அனுப்பறேன்னா கேக்காம பஸ்ஸுல வந்திருக்கறீங்க என்றான். பெயின்டர் வர நேரமாகிவிட்டதாம், பலகையை ஸ்டூல் மேல் சாய்த்து வைத்து இப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தான். மஞ்சள் தகரத்தில் கறுப்பில் ஓடுகால் என்பது வரை வந்திருந்தது. லகரத்தின் தலையில் அந்தப் புள்ளி ஈரத்தில் பளபளத்தது. எவ்வளவு சின்னது. வசந்தாமணி சால்வைக்குத் தோளைக் கொடுக்காமல் நேராகப் பலகைக்குப் போய், கட்டைவிரலால் புள்ளியை அழுத்தித் துடைத்தாள். பெயின்டர் ஐயோ என்றான். லி போடுங்க என்றாள் அவனிடம். அவன் ராக்கியப்பனைப் பார்த்தான். ராக்கியப்பன் வேட்டிக்காரர்களைப் பார்த்தான்.

அக்கா, பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க என்றான், அழாத குறையாக.

“வர்ற பொண்ணு இந்தப் பேரக் கேட்டுட்டே வரட்டும் தம்பி. இங்க பஸ்ஸு நிக்கும்னு தெரிஞ்சுட்டு வரட்டும். இது எங்கம்மா மஞ்சக்காணி. இந்தப் பேர் இருந்தா என்னோட சரி இருக்குது. இல்லீன்னா உங்க நிழற்குடையத் தூக்கிட்டுப் போயி வாய்க்கால் ஓரத்துல வெச்சுக்கங்க.”

வேட்டிக்காரர்கள் ஆளாளுக்கு நிழற்குடையை அண்ணாந்து பார்த்தார்கள். பெயின்டர் மட்டும், எடம் கொஞ்சம் இடிக்குமுங்க என்றான். இடிக்கட்டும் என்றாள். அவன் தூரிகையைத் தோய்த்து லகரத்தின் மேல் ஒரு சுழியை வளைத்துவிட்டான். இடமில்லாததால் அது பலகையின் விளிம்பு வரை ஏறிக் கொஞ்சம் கோணலாக நின்றது. பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலில் தெய்வாத்தா முகம் தெரிந்தது, அதற்கு முன்னால் டிரைவர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஆரனை அழுத்தினார், வழி கேட்கிற ஆரன் இல்லை, நீளமாக, கை எடுக்காமல். வசந்தாமணி எழுந்து நிற்க வேண்டிய அவசியமில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். துடைத்துக்கொள்ள ராக்கியப்பன் ஒரு துணியை நீட்டினான். வேண்டாம் என்றாள். கட்டைவிரல் முழுக்கக் கறுப்பு அப்பியிருந்தது, அம்மா கைநாட்டுக்குக் கடைசி வரை எவனுக்கும் நீட்டாத விரல்.